வண்டி நிறுத்த ஒரு சொந்த மனை: அமெரிக்க ரிசார்ட்டும் அண்டை மரியாதையும்



கடை ஒன்றை விலைக்கு வாங்கும்போது நாம் எதையெல்லாம் பார்க்கிறோம்? பத்திரம் சரியாக இருக்கிறதா, வில்லங்கம் உண்டா, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கிறோம். அனுபவப்பட்ட பெரியவர்கள் இன்னொன்றையும் விசாரிப்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் எப்படிப்பட்டவர், வாசலைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா, காம்ப்ளெக்ஸ் பராமரிப்புப் பணத்தை மாதா மாதம் கட்டுகிறாரா என்று கேட்பார்கள். இதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. ஆனால் நாளைக்கு அந்தக் கடையை விற்கப் போகும்போது விலையைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த உண்மையைக் கண்ணாடி போலக் காட்டும் சொத்து ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அது வீட்டு வண்டி நிறுத்துவதற்கான சொந்த மனை. நம் உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். பார்க்கப் போகும் பெற்றோரை இப்படிப்பட்ட வண்டியில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவதும் உண்டு. ஆகவே அந்த மனை என்பது என்ன, அதை வாங்குவதில் லாபம் என்ன, நட்டம் என்ன, அங்கே தங்குவோர் ஒருவருக்கொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

வீட்டு வண்டி என்பது என்ன?

ஆங்கிலத்தில் 'ரிக்ரியேஷனல் வெஹிக்கிள்' என்பார்கள். சுருக்கமாக 'ஆர்.வி.' படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி இது. நாம் வீட்டு வண்டி என்றே சொல்லலாம். இதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. எஞ்சினோடு பஸ் மாதிரி தானே ஓடுவது ஒன்று. லாரி, கார் போன்றவற்றின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் டிரெய்லர் மற்றொன்று.

1910-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் கண்காட்சியில் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் இப்படி ஒரு வண்டியைக் காட்சிக்கு வைத்தது. அதன் பிறகு கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டு, டயர் தயாரித்த ஹார்வி ஃபயர்ஸ்டோன், விஞ்ஞானி எடிசன் ஆகியோர் கூட்டாகச் சில ஆண்டுகள் சமையல் வண்டி சகிதம் காடு மேடெல்லாம் முகாமிட்டு வந்தார்கள். பத்திரிகைகள் அதைப் படம் பிடித்துப் போட்டன. காரும் டயரும் விற்பதற்கு அதைவிட நல்ல விளம்பரம் வேறு என்ன வேண்டும்? 1930-களில் வாலி பையாம் என்பவர் பளபளக்கும் அலுமினிய உடலோடு 'ஏர்ஸ்ட்ரீம்' டிரெய்லர்களைக் கொண்டுவந்தார். 1966-ல் அயோவா மாநிலத்து வின்னபேகோ நிறுவனம் எஞ்சின் வைத்த வீட்டு வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. இன்று அமெரிக்க வீட்டு வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது.

இந்தத் தொழிலில் ஏற்ற இறக்கம் அதிகம். கொரோனா காலத்தில் ஓட்டலுக்கும் விமானத்துக்கும் அஞ்சிய மக்கள் வண்டிகளை வாங்கிக் குவித்தார்கள். 2021-ல் 6 லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. 2023-ல் அது 3 லட்சத்துச் சொச்சமாகக் குறைந்தது. வண்டியின் விலை வாங்கிய நாளிலிருந்தே இறங்கத் தொடங்கிவிடும். அது நிற்கும் நிலத்துக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. மனை வாங்கும் எண்ணம் பலருக்குத் தோன்றுவது இங்கேதான்.

முகாமிலிருந்து ரிசார்ட் வரை

வண்டி ஓடினால் மட்டும் போதாது. இரவில் நிறுத்த இடம் வேண்டும். 1962-ல் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரத்தில் டேவ் டிரம் என்ற வியாபாரி, சியாட்டில் உலகக் கண்காட்சிக்குக் காரில் போகிறவர்கள் தன் ஊர் வழியாகப் போவதைக் கவனித்தார். ஆற்றங்கரையில் இருந்த தன் நிலத்தில் அவர்கள் தங்க வசதி செய்து கொடுத்தார். அதுவே 'கே.ஓ.ஏ.' என்ற முகாம் தொடராக வளர்ந்தது. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தப் பெயரில் 500-க்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. அவற்றில் பல, பெயரை மட்டும் உரிமம் வாங்கிக் குடும்பமாக நடத்தப்படுபவை. இப்படிப்பட்ட முகாம்களின் வாசலில் பெரும்பாலும் ஒரு சின்ன மளிகைக் கடையும் இருக்கும். பால், ரொட்டி, ஐஸ், விறகுக் கட்டு, எரிவாயு, கொசு மருந்து ஆகியவை அங்கே விற்கும் சரக்கு. வழிப்போக்கர் கூட்டத்தைப் பார்த்துக் கடை போடும் வித்தை நமக்குப் புதியதா என்ன?

ஒரு நல்ல முகாமில் ஒவ்வொரு வண்டிக்கும் தனி மனை உண்டு. கான்கிரீட் தளம், பக்கத்தில் ஒரு மின்கம்பம், குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் துளை ஆகியவை இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் 'முழு இணைப்பு' என்பார்கள். மின் இணைப்பில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று இரு வகை உண்டு. முதலாவது 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். இரண்டாவதில் இரண்டு மின்கம்பிகள் சேர்ந்து வருவதால் 12,000 வாட் வரை கிடைக்கும். பெரிய வண்டிகளில் ஏ.சி. இரண்டு மூன்று இருப்பதால் 50 ஆம்பியர் மனைக்குக் கிராக்கி அதிகம்.

நீச்சல் குளம், கூடம், துணி வெளுக்கும் அறை என்று வசதிகள் கூடும்போது முகாம், ரிசார்ட் ஆகிறது. வடமாநிலங்களிலும் கனடாவிலும் பனி கொட்டும் மாதங்களில் ஓய்வு பெற்றவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு ஃபுளோரிடா, டெக்ஸாஸ், அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களுக்கு வந்துவிடுவார்கள். அவர்களைப் 'பனிப்பறவைகள்' என்று அழைப்பது அங்கே வழக்கம். நான்கைந்து மாதம் ஒரே இடத்தில் தங்கும் இவர்களே மனை வாங்குவோரில் முக்கியமானவர்கள்.

'சொந்தம்' என்பதில் எத்தனை வகை?

நம் ஊரில் கடை சொந்தம் என்று ஒருவர் சொன்னால், கட்டடம் மட்டுமா, நிலமும் சேர்த்தா, பகடிக்கு எடுத்ததா என்று கேட்போம் அல்லவா? அங்கேயும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

1. முழுப் பத்திர மனை: மனை உங்கள் பெயரில் பதிவாகும். விற்கலாம், வாரிசுக்கு எழுதி வைக்கலாம். சாலை, குளம், கூடம் முதலியவை உரிமையாளர் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்தில் சேர மாட்டேன் என்று சொல்ல முடியாது.

2. காண்டோமினியம் முறை: அடுக்குமாடி வீட்டில் பிரிக்கப்படாத பங்கு என்று எழுதுவார்களே, அதே ஏற்பாடு. உங்கள் மனையோடு பொது இடத்திலும் ஒரு பங்கு சேர்ந்து வரும்.

3. கூட்டுறவுப் பங்கு: நிலம் முழுவதும் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். நீங்கள் அதில் பங்குதாரர். பங்கோடு சேர்த்து ஒரு மனையை அனுபவிக்கும் உரிமை வரும்.

4. நீண்ட காலக் குத்தகை: நிலம் வேறொருவருடையது. குத்தகை முடிய எத்தனை ஆண்டு பாக்கி என்பதே இதில் முதல் கேள்வி. ஆண்டுகள் குறையக் குறைய விலையும் குறையும்.

5. உறுப்பினர் திட்டம்: இதைச் சொத்து என்று மயங்கக் கூடாது. பணம் கட்டினால் பல முகாம்களில் தங்கிக்கொள்ளும் வசதி மட்டுமே கிடைக்கும். ஆண்டுச் சந்தா தொடரும். விலகுவது சில திட்டங்களில் சுலபமல்ல. விற்பனையாளர் பேசும்போது 'ஓனர்' என்ற சொல் அடிக்கடி வரலாம். பத்திரம் உண்டா என்று ஒரே கேள்வி கேட்டால் தெளிந்துவிடும்.

வாடகைக்கே இருந்துவிட்டால் என்ன?

நியாயமான கேள்விதான். இதற்கு ஃபுளோரிடாவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். ஃபோர்ட் மயர்ஸ் பீச் என்ற கடலோர ஊரில் 'ரெட் கோகனட்' என்ற பழைய வண்டி முகாம் இருந்தது. ஆண்டுதோறும் அங்கே வந்து தங்கிப் பழகிய குடும்பங்கள் பல. 2022 செப்டம்பர் 28 அன்று 'இயன்' புயல் அந்தக் கரையைத் தாக்கியது. முகாம் அடியோடு அழிந்தது. பிறகு அந்த நிலம் கட்டட நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அங்கே மனை வாடகைக்கு இருந்தவர்களுக்குத் திரும்பி வர இடமில்லாமல் போயிற்று.

வாடகைக்கு இருப்பவர் என்னதான் நல்லவராக இருந்தாலும், நிலத்துக்காரர் மனம் மாறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வாடகைக் கடையில் முப்பது ஆண்டு தொழில் செய்து, கட்டடம் கைமாறிய ஒரே மாதத்தில் காலி செய்யச் சொல்லப்பட்டவர்கள் நம்மிடையேயும் உண்டு. சொந்த மனை அந்தப் பயத்திலிருந்து காக்கும். ஆனால் புயலிலிருந்து காக்காது. வெள்ளப் பகுதியா, காப்பீடு கிடைக்குமா, அதன் பிரீமியம் எவ்வளவு என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வியாபாரிக்குக் கணக்குதான் கண். கீழே உள்ள தொகைகள் வழி காட்டுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. இடத்துக்கு இடம் இவை மாறும்.

மனை விலை 60,000 டாலர் என்று வைப்போம். அந்தப் பணத்தை வேறு இடத்தில் போட்டால் 4 சதவீதம் கிடைக்கும் என்றால் ஆண்டுக்கு 2,400 டாலர் வட்டி நட்டம். சங்கக் கட்டணம் மாதம் 250 வீதம் 3,000. சொத்து வரி 900. காப்பீடும் சில்லறைச் செலவும் 700. ஆக ஆண்டுக்கு 7,000 டாலர்.

நாள் வாடகை 70 டாலர் என்றால் 100 நாள் தங்கினால்தான் இந்தச் செலவு கட்டும். ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டும் போகிறவர் மனை வாங்குவது, படிப் பால் வேண்டி பசு மாடு வாங்கிய கதைதான்.

சரி, ஐந்து மாதம் தங்குகிறவருக்கு? மாதக் கணக்கில் தங்கினால் வாடகை குறையும். மாதம் 1,000 டாலர் என்றால் ஐந்து மாதத்துக்கு 5,000. சொந்த மனைக்கு 7,000. அப்போதும் 2,000 டாலர் துண்டு விழுகிறது. இதை ஈடுகட்ட இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, நாம் இல்லாத மாதங்களில் மனையை வாடகைக்கு விடுவது. 60 நாள் வாடகைக்குப் போனால் 4,200 வரும். நிர்வாகம் பாதியை எடுத்துக்கொண்டாலும் 2,100 கைக்கு வந்துவிடும். மற்றொன்று, மனையின் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறுவது.

இரண்டையும் சற்று யோசித்துப் பாருங்கள். வாடகைக்கு ஆள் எப்போது வருவார்? மனையின் விலை எப்போது ஏறும்? இடம் சுத்தமாக, அமைதியாக, அக்கம் பக்கம் மரியாதையாக இருந்தால்தான். வருகிறவர் கான்கிரீட் தளத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. எல்லா மனையிலும் அது ஒரே தளம்தான். பக்கத்து மனையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். ஆகவே அந்த 2,000 டாலர் அண்டை அயலாரின் கையில் இருக்கிறது. அவர்களுடைய 2,000 டாலர் நம் கையில் இருக்கிறது.

சங்க விதிகளும் பொது நிதியும்

ரிசார்ட் உரிமையாளர் சங்கங்களுக்கு எழுதிய விதிகள் உண்டு. வாங்கியவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் அவை அவரைக் கட்டுப்படுத்தும். பத்து ஆண்டுக்கு மேல் பழைய வண்டிக்கு அனுமதி இல்லை என்று பல இடங்களில் விதி இருக்கும். மனையில் கொட்டகை போடலாமா, எத்தனை கார் நிறுத்தலாம், எத்தனை நாய் வளர்க்கலாம், குறைந்தது எத்தனை நாளுக்கு வாடகைக்கு விடலாம் என்றெல்லாம் இருக்கும். விற்கும்போது முதலில் சங்கத்துக்கே கேட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கலாம். 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான ரிசார்ட்டுகள் தனி. 1995-ல் வந்த சட்டப்படி, அங்கே குடியிருப்புகளில் குறைந்தது 80 சதவீதத்திலாவது 55 வயது நிரம்பிய ஒருவர் இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் எத்தனை நாள் வந்து தங்கலாம் என்பதற்குக்கூட அங்கே கணக்கு இருக்கலாம்.

மாதக் கட்டணம் குறைவாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. அதில் ஒரு பகுதி சேமநிதிக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். சாலைக்குத் தார் போட வேண்டும். கழிவுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். குளத்துக்கு மோட்டார் வாங்க வேண்டும். நிதி இல்லையென்றால் ஒரு நாள் 'சிறப்பு வசூல்' என்று பெரிய தொகை ஒன்று தலையில் விழும்.

இதைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொடிய உதாரணம் உண்டு. 2021 ஜூன் 24 அன்று ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடு என்ற ஊரில் 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி நள்ளிரவு கடந்த நேரத்தில் சரிந்து விழுந்தது. 98 பேர் மாண்டார்கள். கட்டடத்தில் பழுது இருப்பதாக 2018-லேயே பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். பழுது பார்க்க ஏறக்குறைய 1.5 கோடி டாலர் தேவைப்பட்டது. யார் எவ்வளவு கொடுப்பது, எப்போது தொடங்குவது என்ற வாக்குவாதத்தில் காலம் போனது. சரிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் பொதுச் செலவைத் தள்ளிப் போட்டது அந்தக் குடும்பங்களின் கதையில் மறைக்க முடியாத ஒரு பகுதி. 2022-ல் அந்த மாநிலம் மூன்று மாடி, அதற்கு மேற்பட்ட காண்டோமினியங்களுக்கு ஆய்வையும் சேமநிதிக் கணக்கையும் கட்டாயமாக்கியது. வண்டி மனைக்கு மாடி கிடையாது. அதனால் அந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. பாடம் பொருந்தும்.

அண்டை மரியாதை: யார் பக்கம் எந்தப் பக்கம்?

அமெரிக்காவில் வண்டியின் வாசல் வலப்பக்கம் இருக்கும். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்புகள் ஓட்டுநர் அமரும் இடப்பக்கம் இருக்கும். வண்டிகள் வரிசையாக நிற்கும்போது என்ன ஆகும்? என் வாசல் பக்கம் நாற்காலி போட்டு நான் காப்பி குடிக்கும் இடம், அடுத்தவரின் கழிவுக் குழாய்ப் பக்கத்தைப் பார்த்து இருக்கும். என் கழிவுக் குழாய்ப் பக்கம், இன்னொரு அடுத்தவரின் திண்ணையைப் பார்த்து இருக்கும். நமக்குக் கொல்லைப்புறம், அவருக்கு முன்வாசல்! இதை ஒருவர் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இருந்தாலும் முக்கியமானவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

• கழிவுநீர்: வண்டியில் கழிப்பறைத் தொட்டி ஒன்று, குளியல், பாத்திரம் கழுவும் நீருக்கான தொட்டி ஒன்று என இரண்டு இருக்கும். முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறந்து காலி செய்து, பிறகு மற்றதைத் திறக்க வேண்டும். சோப்பு நீர் குழாயை அலசிவிடும். மூட்டுகள் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழக் கூடாது. அந்தக் குழாயைக் குடிநீர்க் குழாயில் வைத்துக் கழுவுவது பெருங்குற்றம். அடுத்து வருகிறவர் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிப்பார்.

• சத்தம்: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அளவுக்கு மீறிய சத்தம் கூடாது என்பது சட்டம். ரிசார்ட்டுகளிலும் ஏறக்குறைய இதுவே வழக்கம். ஜெனரேட்டர், டி.வி., காரின் ஹாரன் எல்லாம் இதில் அடங்கும். விடியற்காலையில் புறப்படுகிறவர் முந்தின மாலையே சாமான்களைக் கட்டி வைத்துவிடுவது மரியாதை.

• விளக்கு: வண்டிக்கு வெளியே எரியும் விளக்கைப் படுக்கப் போகும்போது அணைத்துவிட வேண்டும். நமக்குப் பாதுகாப்பு என்று தோன்றும் வெளிச்சம் பக்கத்து ஜன்னலில் விடிய விடிய அடிக்கும்.

• நடை: குறுக்கு வழி என்று அடுத்தவர் மனை வழியாகக் கழிப்பறைக்கோ குளத்துக்கோ போகக் கூடாது. வேலி இல்லை என்பதால் அது பொதுவழி ஆகிவிடாது. குழந்தைகளுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டும்.

• நாய்: தேசியப் பூங்காக்களில் நாயைக் கட்டும் கயிறு 6 அடிக்கு மேல் நீளக் கூடாது. அசிங்கம் செய்தால் எடுத்துப் போடுவது உரிமையாளர் கடமை. வண்டிக்குள் பூட்டிவிட்டுப் போய், அது நாளெல்லாம் குரைத்துக்கொண்டிருந்தால் பழி உரிமையாளருக்கே.

• விறகு: ஊரிலிருந்து விறகு கொண்டுபோகக் கூடாது. ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டி மரங்களோடு வந்திருக்கலாம் என்று கருதப்படும் ஒரு பச்சை நிற வண்டு, 2002-ல் டெட்ராய்ட் நகரப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆஷ் என்னும் மரத்தைத் துளைத்துக் கொல்லும் அந்த வண்டு, விறகுக் கட்டுகளோடு மாநிலம் மாநிலமாகப் பரவிக் கோடிக்கணக்கான மரங்களை அழித்தது. ஆகவே விறகைத் தங்கும் இடத்திலேயே வாங்க வேண்டும். கிளம்பும் முன் நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். அடுப்புக் குழியில் குப்பை எரிக்கக் கூடாது.

• உதவி: ஒருவர் வண்டியைப் பின்னோக்கி மனைக்குள் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. அவர் கேட்டால் பின்னால் நின்று கை காட்டலாம். அவர் இறங்கி, இணைப்புகளைக் கொடுத்து முடித்த பிறகு வணக்கம் சொல்வதே நாகரிகம்.

கடைக்காரர் பார்வையில் ஒரு செய்தி

வால்மார்ட் போன்ற பெருங்கடைகள் பலவற்றின் வாகன நிறுத்தத்தில் வீட்டு வண்டிக்காரர்கள் இரவு ஒன்று கட்டணமின்றித் தங்கிப் போக அனுமதிப்பது நெடுநாள் வழக்கம். இடவசதியையும் உள்ளூர்ச் சட்டத்தையும் பார்த்து அந்தந்தக் கடை மேலாளர் அனுமதி கொடுப்பார். கடைக்கும் இதில் நட்டமில்லை. தங்குகிறவர் மறுநாள் காலையில் பால், ரொட்டி, பேட்டரி என்று வாங்கிக்கொண்டுதான் புறப்படுவார்.

ஆனால் சிலர் ஒரு இரவு என்று சொல்லி ஒரு வாரம் தங்கினார்கள். நிழல் துணியை விரித்து, நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டினார்கள். வண்டியைத் தாங்கும் ஜாக்கியை இறக்கித் தார்த் தளத்தைக் குழியாக்கினார்கள். குப்பையை விட்டுவிட்டுப் போனார்கள். விளைவு என்ன? பல ஊர்களில் இந்த வழக்கத்துக்குத் தடை வந்துவிட்டது. ஒழுங்காக நடந்த ஆயிரம் பேருக்கும் சேர்த்துக் கதவு மூடப்பட்டது. நல்லெண்ணத்தில் கிடைத்த சலுகையை யாரோ நான்கு பேர் தீர்த்துவிட முடியும் என்பதை, கடன் கொடுத்துப் பழகிய நமக்கு விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

பிள்ளைகளோ உறவினர்களோ அங்கே மனை வாங்க நினைத்தால், இந்தக் கேள்விகளை அவர்கள் கையில் எழுதிக் கொடுங்கள்.

1. மேலே சொன்ன ஐந்து வகைகளில் இது எது? பத்திரத்தை வழக்கறிஞர் பார்த்தாரா?

2. சங்கத்தின் கடந்த மூன்று ஆண்டு வரவு செலவும் கூட்டக் குறிப்புகளும் கிடைக்குமா? சேமநிதி எவ்வளவு இருக்கிறது? சிறப்பு வசூல் ஏதும் நிலுவையில் உண்டா?

3. எத்தனை பேர் கட்டணம் பாக்கி வைத்திருக்கிறார்கள்? பாக்கி அதிகமென்றால் கட்டுகிறவர் தலையில்தான் பாரம் ஏறும்.

4. வாடகைக்கு விட அனுமதி உண்டா? நிர்வாகத்தின் பங்கு எத்தனை சதவீதம்?

5. வெள்ளம், புயல் அபாயம் என்ன? காப்பீட்டு பிரீமியம் எவ்வளவு?

6. இப்போது விற்பனைக்கு எத்தனை மனைகள் இருக்கின்றன? எத்தனை மாதமாக விலை போகாமல் கிடக்கின்றன?

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கும் முன் அதே ரிசார்ட்டில் ஒரு மாதமாவது வாடகைக்குத் தங்கிப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு எப்படி இருக்கிறது, குப்பை எடுக்கும் நாள் எப்படி இருக்கிறது, சங்கக் கூட்டத்தில் மக்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். விற்பனைப் புத்தகத்தில் நீச்சல் குளத்தின் படம் மட்டுமே இருக்கும்.

நமக்கும் இது பொருந்தும்

வண்டி வரிசையும் கடை வரிசையும் ஒன்று போலத்தான். நம் கடையின் காலி அட்டைப் பெட்டி அடுத்த கடையின் வாசலை மறைக்கிறது. நம் ஜெனரேட்டர்ப் புகை அடுத்த கடையில் வந்து நிற்கும் வாடிக்கையாளர் முகத்தில் அடிக்கிறது. நாம் கட்டாத பராமரிப்புப் பணத்தால் மாடிப்படி விளக்கு எரியாமல் கிடக்கிறது. மாலையில் பெண்கள் அந்தப் படியேறத் தயங்கினால், கட்டியவர் கட்டாதவர் எல்லோருக்கும்தான் வியாபாரம் போகிறது.

வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய கடையின் மதிப்பில் ஒரு பகுதி அடுத்த கடைக்காரரிடம் இருக்கிறது. அதைக் காக்கும்படி அவரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. நம்மிடம் இருக்கும் அவருடைய பகுதியைக் காத்த பிறகே அந்த உரிமையை எடுக்க வேண்டும். அடுத்த மாதக் காம்ப்ளெக்ஸ் கூட்டத்துக்குப் போகும் உறுப்பினர்கள், வாசல், வடிகால், பராமரிப்பு நிதி ஆகிய மூன்றையும் பேச்சில் முதலாவதாக வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.